பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது

1

எங்கள் முதியோர் இல்லத்தில் போன வாரம் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். ஸ்காட்லாந்தின் இந்தக் கரையோர ஊருக்கு நான் வேலைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டதாம். எனக்கே அது நினைவில்லை. அலுவலகத்தில் இருக்கும் பெண்ணுக்கு நினைவிருந்தது, ஏனென்றால் என் விசா காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறவர் அவர்தான். கேக் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னல் பக்கமாக நின்றிருந்தேன். அங்கே வசிக்கும் மார்கரெட் முதுகுக்குப் பின்னாலிருந்து, "செல்வி!" என்று கூப்பிட்டார். திரும்பினேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் திரும்பிய பிறகு அந்தத் திரும்பலே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் கண் போயிற்று, அதன் பின்னால் கழுத்து, பிறகு தோள், கடைசியாகக் கால். தட்டில் இருந்த கேக் அசையவில்லை. இத்தனை வேலையும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நடந்து முடிந்திருந்தது. மற்றவர்கள் எப்படித் திரும்புகிறார்கள் என்று பார்ப்பது என் தொழில். என் கழுத்தை நான் இதுவரை கவனித்ததில்லை. கவனிக்க வைத்தவர் புதுப்பட்டினத்தில் இருக்கும் என் அப்பா. அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

என் தொழிலை ஊருக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம். பிசியோதெரபி என்றால் கால் அமுக்கிவிடுவது என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். "அதுக்கா ப்ளேன் ஏறிப் போன? இங்க அமுக்கறதுக்கு எவ்ளோ காலு கீது!" என்று எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தனம் அக்கா ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான்.

உண்மையில் நான் செய்வது வேறு. ஒருவர் கீழே விழுவதற்கு முன்பே, அவர் விழக்கூடியவரா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி ஒன்றும் கிடையாது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்வேன். தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுக்கச் சொல்வேன். தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்வேன். நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றச் சொல்வேன். குழந்தைகள் விளையாட்டு போலத் தெரியும். ஆனால் இதை வைத்துத்தான் ஒருவர் தன் வீட்டிலேயே இருக்கலாமா, கூட ஆள் வேண்டுமா, இல்லை இல்லத்துக்கு வந்துவிட வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். அதனால் இந்த விளையாட்டில் எல்லாரும் பயந்துகொண்டே ஆடுவார்கள்.

நாற்காலிச் சோதனையில் ஒரு விதி உண்டு. கையை ஊன்றி எழுந்தால் காலின் பலம் தெரியாது. ஆகவே இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழ வேண்டும். போன அக்டோபரில் மார்கரெட்டிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டி, உப்பிட்டு, பீப்பாயில் அடுக்கியே வயதானவர் அவர். வாய் கொஞ்சம் அதிகம்.

"என் அம்மாவை இப்படித்தான் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். நான் இப்போதே பழகிக்கொள்ள வேண்டுமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. கடைசியில் கம்பளிச் சட்டையின் பாக்கெட்டுக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு எழுந்தார், நன்றாகவே எழுந்தார். நான் சும்மா ஒரு விதி என்று நினைத்திருந்தது அவருக்குச் சாவு வீடு. இது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்துவிட்டவளைப் போல அன்று மாலை பேருந்தில் போகும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனால் அண்ணன் இளங்கோவிடமிருந்து ஒரு வீடியோ வந்திருந்தது.

3

என் அப்பா பெயர் மாசிலாமணி. நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், ஊருக்கு அவர் ஃபிட்டர் சார். திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் பிறந்தவர். கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டட வேலை தொடங்கிய காலத்தில் கூலிக்கு வந்து, அங்கேயே தொழில் கற்று, ஃபிட்டராக நிரந்தரமாகி, தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்வு பெற்றார். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது புதுப்பட்டினத்தில் ஒரு சின்ன வீடு கட்டினார். அம்மா அதில் கொஞ்ச காலம்தான் இருந்தார். அதற்குப் பிறகு அப்பா தனி ஆள்தான். தானே சமைத்து, தானே துவைத்து, சாயங்காலம் கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய் வருவார்.

போன மழைக்காலத் தொடக்கத்தில் வாசல் கேட் பக்கத்தில் விழுந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கியதோடு தப்பித்தார். "பாசி வழுக்கிடுச்சி" என்று சொன்னார். அண்ணன் பயந்துவிட்டான். அவன் சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறான். படூரில் லிஃப்ட் வைத்த அபார்ட்மென்ட்டில் இருக்கிறான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். அப்பா ஒரே வார்த்தையில் "வர்ல" என்றார். அண்ணன் விடவில்லை. சென்னையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்டைக் கூட்டிக்கொண்டு புதுப்பட்டினம் போனான். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்று பேச்சு. அதைத்தான் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான்.

வீடியோவில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசுகிறார். "ஐயா, ரெண்டு கையையும் இப்படி மார்ல கட்டிக்கங்க. அப்படியே எழுந்திருங்க பார்ப்போம்."

அப்பா கையைக் கட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அந்த இளைஞர் இன்னொரு தடவை சொல்கிறார். அப்பா ஜன்னலைப் பார்க்கிறார். மூன்றாம் தடவை சொன்னதும், "போதும், வுடுப்பா" என்கிறார். அதோடு மற்ற சோதனை எதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வந்தவர் என்ன செய்வார்? கை ஊன்றாமல் எழ முடியவில்லை, தனியாக விடுவது ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அண்ணன் போனில் கிட்டத்தட்ட அழுதான். "செல்வி, நீயே பாரு. ஒரு சேர்லேர்ந்து எழுந்திருக்க முடியல அவரால. எப்பிடித் தனியா வுட்றது? பொங்கலுக்கு நீ வர்ற இல்ல, வந்து நீயே எடுத்துச் சொல்லு. தை மாசத்துலேர்ந்து வீட்ட வாடகைக்கு வுட ஆளு பாத்துட்டேன்."

4

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும் புத்தி. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன்.

எழ முடியாதவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடுவார்கள், பாதத்தை இழுத்து வைப்பார்கள், தொடை நடுங்கும், மூச்சைப் பிடிப்பார்கள், பிறகு தொப்பென்று உட்காருவார்கள். முயன்று தோற்ற உடம்பு அப்படி இருக்கும். அப்பா காலில் அப்படி ஒரு அசைவும் இல்லை. அவர் தோற்கவே இல்லை, முயலவே இல்லை. ஏன்?

மார்கரெட்டின் சவப்பெட்டி ஞாபகம் வந்தது. அடுத்த நொடி என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் சத்தம் போட்டால் எல்லாரையும் கைகட்டி, வாய்பொத்தி உட்காரச் சொல்வார்கள். எந்தப் பள்ளியிலும் நடப்பதுதான். நான் வீட்டில் வந்து அப்படி உட்கார்ந்து காட்டியிருக்கிறேன். மறுநாள் அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்துவிட்டார். வாத்தியார் முன்னால் கையைத் தொங்கவிட்டபடி நின்று, "சார், எம்பொண்ணு கைய கட்டாது. பேசாம இருன்னு சொல்லுங்க, இருக்கும்" என்றார். அந்த வாத்தியார் நல்ல மனிதர். அப்பாவை ஒரு நிமிடம் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். அந்த வருடம் முழுக்க வகுப்பில் நான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்பா பிறந்த கிராமத்தில் யார் எதிரில் யார் கைகட்டி நிற்க வேண்டும் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடும். அவருடைய அப்பா நிலத்துக்காரர் வீட்டு வாசலில், துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றே வாழ்ந்தவர். "எங்கப்பன் கைய கட்டிகினு நின்ன நேரத்துக்கு ஒரு ஏரியே வெட்டியிருக்கலாம்" என்று அப்பா சொல்வார். இன்னொன்றும் சொல்வார். "அவரப் பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. பின்னாலேர்ந்து 'டேய்'னு ஒரு சத்தம் வரும். திரும்பிடுவாரு. எந்த 'டேய்' தனக்குன்னு எப்பிடித்தான் கண்டுபுடிச்சாரோ."

கல்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்பா யார் முன்னாலும் கை கட்டியதில்லை. மேலதிகாரி முன்னாலும் இல்லை, கல்யாண வீட்டிலும் இல்லை, குளிரிலும் இல்லை. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், வீடியோவைப் பார்த்தபோது அண்ணனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் உடனே தோன்றவில்லை. நாற்காலிச் சோதனை என்றதும் அது மருத்துவம் ஆகிவிட்டது. அப்பாவுக்கு அது ஆகவில்லை.

போனில் அப்பாவிடமே கேட்டேன். "நைனா, எழுந்திருக்க முடியலியா, இல்ல கை கட்ட மாட்டேன்னு உக்காந்துட்டியா?"

"இன்னாத்துக்கு அதெல்லாம்? கொழந்தகிட்ட குடு போன" என்றார்.

5

குழந்தை என்றால் என் மகள் நிலா. கைக்குழந்தையாக இங்கே வந்தவள், போன ஆகஸ்ட்டிலிருந்து பள்ளிக்குப் போகிறாள். தமிழ் புரியும். ஆனால் வாயிலிருந்து வரும்போது மனிதர்களெல்லாம் அஃறிணை ஆகிவிடுவார்கள். அன்று போனை வாங்கி, "தாத்தா ஆடுதா? கீழே விழுமா?" என்று கேட்டாள்.

"நான் இன்னா ஊஞ்சலா ஆடறதுக்கு?" என்று அப்பா சிரித்தார். திருத்தவில்லை. எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது. இன்னும் சில வருடத்தில் இந்த அஃறிணைத் தமிழும் போய்விடும் என்று தெரிகிறது. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருவரும் சிரித்துக்கொள்கிறார்கள் என்பதால் இப்போதைக்குச் சும்மா இருக்கிறேன்.

அப்பாவை இங்கேயே கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று ஒருநாள் விசா விதிகளைப் படித்துப் பார்த்தேன். ஊரில் அவரைப் பார்த்துக்கொள்ள வேறு யாருமே இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். படூரில் ஒருவன் லிஃப்ட்டோடு காத்துக்கொண்டிருக்கிறானே, அவனை எங்கே ஒளித்து வைப்பது? தவிர, இங்கே வர அவர் இயலாதவர் என்று காட்ட வேண்டும், அங்கே தன் வீட்டில் இருக்க அவர் இயன்றவர் என்று காட்ட வேண்டும். ஒரே ஆளின் ஒரே கால்! இதை என் அலுவலகப் பெண்ணிடம் சொன்னேன். தனக்கு இதிலெல்லாம் ஆச்சரியப்படுவது நின்றுபோய் ரொம்ப காலமாகிறது என்றார்.

6

பொங்கலுக்கு முன்பாகவே தனியாகக் கிளம்பி ஊருக்குப் போனேன். நிலாவுக்குப் பள்ளி இருந்தது, கணவர் பார்த்துக்கொண்டார்.

அப்பாவிடம் சோதனை என்ற பேச்சையே எடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் காலையில் இரண்டு கையிலும் டீ டம்ளரோடு, எனக்கொன்று அவருக்கொன்று, நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலில் பேப்பர் விழும் சத்தம் கேட்டதும் டம்ளர்களோடு அப்படியே எழுந்து போனார். ஒரு சொட்டு சிந்தவில்லை. என் மனசு துள்ளியது. இதைவிட நாற்காலிச் சோதனை வேறென்ன வேண்டும்? அண்ணனுக்குப் போன் போட்டு, "நைனாவுக்கு ஒன்னுமில்லடா" என்று சொல்லிவிடலாம் என்று கை பரபரத்தது.

ஆனால் நோண்டும் புத்தி சும்மா இருக்குமா? ஒரு விஷயம் இடித்தது. அன்று சாயங்காலம் அவர் கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்டைத் திறக்கும்போது நான் உள்ளிருந்து, "நைனா, குடை!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. அப்படியே நின்றார். ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னதாகக் காலை மாற்றி வைத்து, பஸ் திரும்புவதைப் போல மொத்த உடம்பையும் திருப்பினார். பிறகு கோபமாக, "கெளம்பும்போது பின்னால கூப்பிடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? சகுனம் நல்லால்ல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சகுனமா? என் அப்பாவுக்கா? ராகுகாலம் பார்த்து, சரியாக அதில்தான் கிரகப்பிரவேசம் வைத்தவர் அவர். பூனை குறுக்கே போனால் அதற்குப் பின்னாலேயே போகிறவர். ஒருவருக்கு வயதானால் பக்தி வரலாம், பயம் வரலாம். அதென்ன தனியாக ஒரே ஒரு சகுனம் மட்டும் வருவது?

மறுநாள் தனம் அக்கா மீன் கூடையோடு வந்தார். அப்பா கடைக்குப் போயிருந்தார். விழுந்த அன்று என்ன நடந்தது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லாத கண்ணு. நான்தான் கூப்டேன். சார் எங்கியோ கெளம்பிகினு இருந்தாரு. நான் பின்னாலேர்ந்து, 'ஃபிட்டர் சார், சங்கரா கீது, வோணுமா?'ன்னேன். வெடுக்குனு திரும்பினாரு. அப்பிடியே சாஞ்சிட்டாரு. எல்லாம் நான் பின்னால கூப்ட்ட பாவம். அதுலேர்ந்து சாரும் சொல்லிகினே இருக்காரு, பின்னால கூப்டாதன்னு."

"பாசி வழுக்கிச்சின்னு சொன்னாரே?"

"பாசி ஏது? மழையே அதுக்கப்புறந்தானே புடிச்சிது!"

அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. அன்று அப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். மெயின் ரோட்டில் பின்னாலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ ஹார்ன் அடித்தது. அப்பா சட்டென்று தலையைத் திருப்பினார். கால் பின்னிக்கொண்டது. பக்கத்தில் நின்ற வாழைப்பழ வண்டியைப் பிடித்துக்கொண்டு, பழம் விலை கேட்பவரைப் போல நின்றுவிட்டார். வண்டிக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. விலை கூடச் சொன்னார்.

யார் கூப்பிட்டாலும் ஃபிட்டர் சார் உடனே திரும்ப மாட்டார், நின்று நிதானமாகத்தான் திரும்புவார், அவருக்குக் கெத்து ஜாஸ்தி என்று ஊரில் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு உண்டு. நானும் அதைக் கேட்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது எல்லாம் தலைகீழாகிவிட்டது. அண்ணன் பலவீனம் என்று பார்த்தது அவருடைய கெத்து. ஊர் கெத்து என்று பார்த்தது அவருடைய பலவீனம். அன்று நான் ருசியில்லாமல் சாப்பிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

7

மறுநாள் காலை அவர் எதிரில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"நைனா, எனக்காக ஒருவாட்டி எழுந்து காட்டு. கையை ஊனக் கூடாது. அவ்ளோதான். மத்தபடி கைய எங்க வேணா வச்சிக்கோ."

"எங்க வேணா?"

"எங்க வேணா."

கொஞ்சம் யோசித்தார். பிறகு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பெரிய அதிகாரிகள் அப்படித்தான் நடப்பார்கள். அந்தத் தோரணையிலேயே எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். முன்பக்கமாகக் கை கட்டி எழுவதைவிட இது கஷ்டம். போதும் என்று நான் சொல்லும் வரை நிறுத்தவில்லை. மூச்சு வாங்க, "இன்னா, பாஸா?" என்றார். இருவரும் சிரித்தோம். அவரை அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அவர் பின்னால் போய், விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு, "நைனா, இப்போ தோளுக்கு மேல திரும்பி என்னப் பாரு" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் திரும்பவில்லை.

"சகுனம் நல்லால்ல" என்றார்.

"எனக்குத் தெரியும், நைனா. வாழப்பழ வண்டிய பாத்தேன். தனம் அக்காவும் சொல்லிட்டாங்க."

நின்ற இடத்திலேயே காலைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினார். பாதித் தூரத்திலேயே கண் அலைந்தது, இடது பக்கமாகச் சாய்ந்தார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது. அந்தப் பிடியில் இருந்த பயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டார். "இளங்கோகிட்ட மொத பாதிய மட்டும் சொல்லேன்."

அவர் என்னிடம் எதையும் கேட்டவர் இல்லை. முதல் முறையாகக் கேட்கிறார். முழுதும் சொன்னால் அண்ணன் அன்றே வீட்டைப் பூட்டுவான். பாதி சொன்னால் அப்பா தன் வீட்டில் இருப்பார், என்றைக்காவது மெயின் ரோட்டில் விழுவார். முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு வாய் கூசாமல் முடிவு சொல்லியிருக்கிறேன். அன்று வாய் வரவில்லை.

"பொய் சொல்ல மாட்டேன், நைனா. ஆனா இது உன் கழுத்து. நீயே சொல்லு" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

8

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கோவளம் வழியாக ஈ.சி.ஆர். பிடித்துக் காலையிலேயே வந்துவிட்டான். அப்பா முன்பக்கத்தில் முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முகம் வீட்டைப் பார்த்து இருந்தது. நான் வாசற்படியில் நின்றேன். அண்ணன் கேட்டைத் திறந்துகொண்டே, "நைனா!" என்று கூப்பிட்டான்.

அப்பா கை முருங்கை மரத்துக்குப் போவதைப் பார்த்தேன். வழக்கம்போல நின்று நிதானமாகத் திரும்பப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு நொடி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"டேய், இப்பிடி முன்னால வா."

அண்ணன் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். "இன்னா ஆச்சி?"

"பின்னாலேர்ந்து கூப்ட்டா திரும்ப முடியலடா. தல கிர்ருங்குது. அதான் அன்னிக்கி வுழுந்தேன். பாசியும் இல்ல, ஒன்னும் இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் எதிர்பார்த்ததைத்தான் சொன்னான். "அப்போ நான் சொன்னது சரிதானே? வீட்டப் பூட்டிட்டு—"

"படூர்ல யாரும் பின்னாலேர்ந்து கூப்பிட மாட்டாங்களா, அண்ணா?" என்றேன். "லிஃப்ட்டு தல சுத்தறத நிறுத்திடுமா? காலு நல்லா இருக்கு. உள்காதுல கோளாறு. அதுக்கு டாக்டர் இருக்காரு, பயிற்சி இருக்கு. இந்த வீட்ல எந்தப் படி எங்க இருக்குன்னு அவருக்குக் கண்ண மூடினாலும் தெரியும். உன் வீட்ல தெரியாது. மொதல்ல அவரு எழுந்திருக்கறதப் பாரு."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கையை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு எழுந்தார். அண்ணன் வாயைப் பிளந்து பார்த்தான். அதே நாற்காலி. பிறகு அவனுக்கு மெல்ல விளங்கியது. "கைய கட்டச் சொன்னதாலயா, நைனா? அட, அத வாய் தொறந்து சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்த வாரமே செங்கல்பட்டில் ஒரு காது மருத்துவரைப் பார்த்தோம். உள்காதின் சமநிலை தளர்ந்திருக்கிறது, முழுக்கச் சரியாகாது, பழக்கப் பழக்கத் தேறும் என்றார். தலையைத் திருப்பும் பயிற்சிகளை நான் சொல்லிக்கொடுத்தேன். குளியலறையிலும் கேட் வரையிலும் பிடித்துக்கொள்ளக் குழாய் போட வேண்டும் என்றேன். அப்பா ஆள் வைக்க விடவில்லை. தானே அளந்து, தானே இரும்புக் குழாயை வளைத்துச் சுவரில் பொருத்தினார். இடுப்பளவு உயரத்தில், அவர் கைக்கு மட்டுமே சரியாக இருக்கும்படி. வாடகைக்கு வரவிருந்தவர்களிடம் அண்ணன் ஏதோ சொல்லிச் சமாளித்தான். அப்பா சனிக்கிழமை மட்டும் படூருக்குப் போய் வருவதாக ஏற்பாடு.

9

இங்கே திரும்பி வந்த பிறகு நான் ஒரு விஷயத்தை மாற்றிக்கொண்டேன். நாற்காலிச் சோதனைக்கு முன்னால், கையை எங்கே வைத்துக்கொள்ளப் பிரியம் என்று கேட்கிறேன். விதியைக் கொஞ்சம் வளைப்பதுதான், காரணத்தைக் குறித்துவைத்து விடுகிறேன். எத்தனை விதமான பதில்கள் வருகின்றன! மார்கரெட்டுக்குப் பாக்கெட். படகோட்டியாக இருந்த ஒருவர் காற்றில் துடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். ஒவ்வொருவர் கையும் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் என் வேலை தாமதமாகிறது. மேற்பார்வையாளர் ஒருமுறை கடிந்துகொண்டார்.

கேக் வெட்டியதற்கு அடுத்த ஞாயிறு காலை அப்பாவுக்குப் போன் செய்தேன். ஐந்து வருடம் ஆனதைச் சொன்னேன். "ஆமா, ஆயிப்போச்சி" என்றார். கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவால்ல. இப்போ பாதி தூரம் திரும்புது. ஆனா திரும்பற வேலையே இல்லம்மா."

"ஏன்?"

"அந்தத் தனம் தெருவெல்லாம் சொல்லிடுச்சி, ஃபிட்டர் சார பின்னாலேர்ந்து கூப்டாதீங்கன்னு. இப்போ எவனும் கூப்பிட்றதில்ல. தனமே கூடைய தூக்கிகினு சுத்தி வந்து, மூஞ்சிக்கு நேரா நின்னுதான் 'சார்'ங்குது. ஆட்டோக்காரன் கூட வண்டிய முன்னால கொண்டாந்து நிறுத்திட்டுத்தான் பேசறான். எங்கப்பன 'டேய்'ன்னான் பாரு, அந்த நெலத்துக்காரன் பேரன் ஒருத்தன், இங்க மெயின் ரோட்ல கடை வச்சிருக்கான். அவனும் அப்பிடித்தான். கடைய வுட்டு எறங்கி, முன்னால வந்து நின்னு, 'சார், சௌக்கியமா'ங்கறான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பன் இதப் பாத்திருக்கணும்" என்றார். பிறகு வழக்கமான குரலில், "செரி, வெக்கறம்மா. யாரோ வந்து முன்னால நிக்கறாங்க" என்றார்.